தமிழ் விக்கிப்பீடியா: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மதிப்புரை

சேலம் மாவட்டத்தைப் பற்றித் தமிழில் ஏதேனும் அறிய விரும்புபவர் இன்று முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தமிழ் விக்கிப்பீடியாதான். கட்டணம் கேட்காத, விளம்பரம் காட்டாத, படிப்பதற்குக் கணக்குத் தொடங்கச் சொல்லாத சேவை இது. ஆயினும், இதில் யார் படிக்கலாம் என்பதைவிட எதை எழுத முடியும் என்பதைக் கொண்டே இதை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

2003ஆம் ஆண்டு தொடங்கிய இத்தளத்தில் இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை ஒவ்வொன்றாக வந்தன. அதில் ஒரு பிழையைக் கண்டவர் அடுத்த பதிப்பை எதிர்பார்த்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்பதை அழுத்தி அப்போதே திருத்திவிடலாம். திருத்தத்துக்கு முந்தைய வடிவமும் அழிவதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது ‘வரலாறு’ பக்கத்தில் வரிக்கு வரி கிடைப்பதால், விஷமத்தனமான மாற்றங்களை மீட்டெடுப்பது எளிது. கருத்து வேறுபாடு எழுந்தால் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும், தளம் முழுவதற்கும் பொதுவான செய்தி என்றால் ‘ஆலமரத்தடி’ என்னும் பக்கத்திலும் பேசித் தீர்க்கிறார்கள் (பெயரைத் தேர்ந்தவருக்கு ஒரு சபாஷ்). நிர்வாகிகளுக்குப் பக்கத்தை நீக்கவும் பயனரைத் தடுக்கவும் அதிகாரம் உண்டே தவிர, எந்தக் கட்டுரைக்கும் அவர்கள் உரிமையாளர்கள் அல்லர். தளத்தின் வழங்கிகளை (சர்வர்களை) நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை நன்கொடையில் இயங்குகிறது. கட்டுரை எழுதுவோர் தன்னார்வலர்களே.

ஏற்காடு ஒன்றியத்துக்கு வருவோம். வாழவந்தி, நாகலூர் போன்ற ஊராட்சிகளுக்கும் தனித்தனிக் கட்டுரைகள் இருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் இத்தகைய ஊராட்சிக் கட்டுரைகள் பலவும் அரசுத் தரவைக் கொண்டு ஒரே வார்ப்பில் மொத்தமாக உருவாக்கப்பட்டவை. ஊர் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் அடங்குகிறது, இத்தனை கைக்குழாய்கள், இத்தனை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் என்று பட்டியல் நீள்கிறது; அங்கே வாழ்பவர்கள் யார், என்ன விளைவிக்கிறார்கள், எந்தச் சாமிக்கு எப்போது திருவிழா என்பது பற்றி ஒரு வரியைத் தேடிப் பிடிப்பதே அரிது.

இதற்குத் தன்னார்வலர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. தளத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று, எழுதும் செய்திக்கு ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று இருக்க வேண்டும் என்பது. அரசியல்வாதிகளின் புகழ்மாலைகளையும் கட்டுக்கதைகளையும் இந்த விதிதான் வாசலில் நிறுத்துகிறது; அது இல்லாவிட்டால் தளம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆனால் அதே விதியின்படி, சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி லெ ஃபானு என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி 1883இல் தம் சேலம் மாவட்டக் கையேட்டில் எழுதியது சான்றாகிறது. அந்த மக்களிலேயே ஒரு பெரியவர் தம் குலத்தைப் பற்றி நேரில் சொல்வது அச்சேறும்வரை சான்றாவதில்லை. அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து, அவர் இசைவுடன், விக்கிமீடியாவின் பொதுவகம் (காமன்ஸ்) என்னும் ஊடகக் கோப்புக் களஞ்சியத்தில் ஏற்றலாம் என்பது உண்மை. எனினும் கட்டுரையின் வாசகமாக அது மாறுவதற்கு இடையில் ஓர் ஆய்வாளரோ இதழோ தேவைப்படுகிறது. உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இத்தகைய நேர்காணல்களை நூலாக வெளியிட்டால் இந்த இடைவெளி பெருமளவு குறையும்.

மொழிநடை சீராக இல்லை. சில கட்டுரைகள் தெளிந்த தமிழில் இருக்க, சில ஆங்கிலக் கட்டுரையை அப்படியே பெயர்த்து வைத்தவையாக, இரண்டு முறை படித்தாலும் பிடிபடாதவையாக இருக்கின்றன. அறிவியல் கட்டுரைகளை நம்பி வீட்டுப்பாடம் எழுதும் மாணவர்கள் அடிக்குறிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பயன்படுத்தும் வசதியில் எனக்குக் குறையில்லை. கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாவிட்டாலும் தளத்திலேயே உள்ள தமிழ் 99 முதலிய உள்ளீட்டு முறைகளால் தட்டச்சு செய்யலாம். உள்ளடக்கம் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் தரும் நிபந்தனையுடன் யாரும் அச்சிட்டு விற்கவும் செய்யலாம். கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத மலைக் கிராமங்களின் பள்ளிகளுக்குக் கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியைப் பரிந்துரைப்பேன்: தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சேலம் நகரில் பதிவிறக்கி, மெமரி கார்டில் கொண்டுபோய், இணையமே இல்லாமல் படிக்கலாம். அந்தப் பிரதியில் ‘தொகு’ இராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திருத்த விரும்பும் மாணவர் ஏற்காட்டுக்கோ அடிவாரத்துக்கோ வந்துதான் ஆக வேண்டும்.