கார் டோர் கண்ணாடி மாத்தப் போறீங்களா? 6,800 ரூபாயை முழுங்கிட்டாங்க, உஷார்!

வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி கார் கண்ணாடி மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு ஆப். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் வேண்டாம். பின்பக்க இடது டோர் கண்ணாடி, கூலியோடு சேர்த்து 6,800 ரூபாய், மொத்தமும் முன்பணம். நல்லதாக ஒரு மழைகூடத் தாங்கவில்லை. சுவிட்சைத் தொட்டதும் கண்ணாடி முன்பக்கமாகச் சரிந்து, கண்ணாடி ஓடும் ரன்னர் ரப்பரை விட்டு வெளியே வந்து, டோருக்குள்ளேயே தொப்பென்று விழுந்து தூள் தூளாகிவிட்டது.

நம்ப வைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வந்தவர் கார் கண்ணாடி ஒட்டுகிற யூரித்தேன் பசை டியூப் ஒன்றை, சீல் பிரிக்காமல், பானெட் மேல் வைத்து, ஆப்பில் ஏற்ற போட்டோ எடுத்தார். "கம்பெனி பசை சார், டோரே கழன்றாலும் கண்ணாடி கழலாது." உள்ளே போனது அதுவல்ல. பையிலிருந்து வந்தது இன்னொரு டியூப். மூக்கு ஏற்கெனவே வெட்டப்பட்டு, நுனியில் பழைய பசை காய்ந்து கிடந்தது. பிதுக்கியதும் குப்பென்று வினிகர் நெடி. பாத்ரூம் சிங்க் ஓரத்தில் பூசுகிற சாதா சிலிக்கான்! கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், பிராண்டுதான் வேற." பூசி முடித்த கையோடு கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டினார். "பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது." அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் 6,800.

என்ன தப்பு என்று விளக்கமாகவே சொல்கிறேன். சில கார்களில் டோர் கண்ணாடியின் அடியில் ஓட்டை போட்டு, பவர் விண்டோ மெஷினோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். சிலவற்றில் கண்ணாடியின் அடி விளிம்பு ஒரு பிளாஸ்டிக் ஹோல்டரில் பசையால் ஒட்டியிருக்கும். இது இரண்டாவது ரகம். ஏறி இறங்கும் எடை முழுக்க அந்தப் பசையில்தான் தொங்குகிறது. சிலிக்கான் இறுகினாலும் ரப்பராகவே இழுபடும், பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது. வினிகர் நெடி அடிக்கிற வகை பக்கத்து இரும்பையும் அரிக்கும்.

முறையாகச் செய்தால் ஹோல்டரிலிருக்கும் பழைய பசையையும் கண்ணாடித் துணுக்கையும் சுரண்டி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கண்ணாடியில் பசை பிடிப்பதற்கான கருப்பு பிரைமர் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட வேண்டும். ஹோல்டர் உட்கார வேண்டிய இடத்தை எதிர்ப்பக்க டோர் கண்ணாடியில் அளந்து குறிக்க வேண்டும்; கொஞ்சம் தள்ளிப் போனாலே கண்ணாடி சாய்ந்து ரன்னரில் இறுகும். பிறகு கண்ணாடியை முழுக்க மேலேற்றி டேப் போட்டு நிறுத்தி, ஒரு நாள் சுவிட்சையே தொடக்கூடாது. யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், நாளொன்றுக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம். ஹோல்டர் இடுக்குக்குள் காற்று புகாததால் இன்னும் தாமதம்தான். விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்துக்கு இரண்டு பாகம் கலந்து இறுகும் பசையை எடுப்பது இதனால்தான். இங்கே பிரைமர் கிடையாது, அளவு கிடையாது, காத்திருப்பு கிடையாது.

கூத்து இதோடு முடியவில்லை. டோரின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றிப் பார்த்தால், முதலில் உடைந்த கண்ணாடியின் துணுக்குகள் அடியில் அப்படியே கிடந்து தண்ணீர் வடியும் துளைகளை அடைத்திருந்தன. உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் கிழிந்து, அதன் மேல் செலோ டேப்! மழைத் தண்ணீர் ஸ்பீக்கர் வழியாகக் காரின் தரை மேட்டில் இறங்கிவிட்டது. பேடின் கிளிப்பில் பாதியைக் காணோம். புதுக் கண்ணாடி என்று கொடுத்ததில் ஐஎஸ்ஐ முத்திரையே இல்லை.

போன் போட்டால் முதல் பதில், "டோரை ஓங்கிச் சாத்தியிருப்பீங்க." அடுத்தது, "மெஷின் வீக்கா இருக்கும், அது எங்க பொறுப்பில்ல." உச்சகட்டம் இது: "பசைக்கு வாரண்டி உண்டு சார், ஆனா கண்ணாடி உடைஞ்சா வாரண்டி கிடையாது." பசை விட்டதால்தானே ஐயா கண்ணாடி உடைந்தது? சாட்டில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். 6,800 ரூபாய் வாங்கும்போது மட்டும் மூன்று பேர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.

இன்சூரன்ஸ் பக்கம் போகவிடாமல், "நோ கிளைம் போனஸ் போயிடும் சார்" என்று, கிளைம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியைக் காட்டித் திருப்பிவிட்டதும் இவர்களே. முழு இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். நம் கையிலிருந்து போகும் கட்டாயப் பிடித்தம் 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய். போனஸ் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சட்டென்று தோன்றுவது இவ்வளவுதான். உங்கள் வண்டி போல்ட் ரகமா, பசை ரகமா என்று முதலிலேயே கேளுங்கள். பசையென்றால் டியூப்பைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், வினிகர் நெடி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கண்ணாடி மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐஎஸ் 2553 என்ற தர எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பேடை மூடுவதற்கு முன் உள்ளே போட்டோ எடுங்கள். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் முக்கியம், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போனால் பில்லைத்தான் கேட்பார்கள். அங்கே புகார் போட்டாயிற்று. 6,800 இன்னும் வரவில்லை, டோரில் இப்போது பாலித்தீன் கவர்தான் ஒட்டியிருக்கிறது.