பேஸ்பால் ஸ்கோர் குறிக்க: செயலியா, காகிதமா?

கைப்பேசிச் செயலி, அச்சிட்ட ஸ்கோர் கார்டு இரண்டிலும் ஆட்டங்களைக் குறித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கார்டும் பென்சிலும் போதும் என்று முடிவெடுத்தேன். ஆர்வத்துக்காக ஆட்டம் பார்க்கிற, அந்தக் குறியீடுகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

செயலியின் வசதிகள் தெரிந்தவைதான். கூட்டல் தவறாது, சராசரிகள் தாமாக வந்துவிடும். ஒவ்வொரு பந்தையும் பதிய வேண்டிய பயிற்சியாளருக்கு அதுவே ஏற்றதாக இருக்கலாம். நான் எந்த அணிக்கும் ஸ்கோரராக இருந்ததில்லை என்பதால் அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கார்டுக்கு முதலில் வேண்டியவை ஒன்பது எண்கள், களத்தில் தடுப்பவர் நிற்கும் இடத்துக்கு ஒன்று வீதம். பந்து எறியும் பிட்சர் 1, மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சர் 2, அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய பேஸ்களில் முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6; வெளிக்களத்தில் இடது 7, நடு 8, வலது 9. சட்டை எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘6-4-3’ என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து முதல் பேஸுக்குப் பந்து போய் இருவர் அவுட். ‘கே’ (K) என்றால் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி மட்டையாளர் அவுட். 19ஆம் நூற்றாண்டில் பேஸ்பால் செய்தியாளர் ஹென்றி சாட்விக் விட்டுச்சென்ற எழுத்து அது. மட்டையை வீசாமல் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வாங்கினால் அதையே திருப்பிப் போடுவார்கள். செயலியில் பட்டியலைத் தொட்டால் இதையெல்லாம் அதுவே எழுதிவிடுகிறது. அதனாலேயே நம் மனத்தில் பதிவதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது திருத்தம். மூன்று அவுட் ஆனால் மட்டை பிடிக்கும் அணியின் இன்னிங்ஸ் முடியும். இரண்டு அவுட் ஆன பிறகு ஷார்ட்ஸ்டாப்பிடம் ஒரு தரைப்பந்து வருகிறது. கையுறையில் பட்டு நழுவுகிறது, அடித்தவர் முதல் பேஸுக்குப் போய்விடுகிறார். சாதாரண முயற்சியிலேயே அவுட் ஆக்கியிருக்கலாம் என்றால் எரர் (தடுத்தவரின் தவறு), அதாவது ‘ஈ6’ (E6), இல்லையென்றால் ஹிட் (அடித்தவரின் கணக்கில் சேரும் அடி). அடுத்தவர் ஹோம் ரன் அடிக்க, இருவரும் பேஸ்களைச் சுற்றி வந்து ரன் எடுக்கிறார்கள். முன்னது எரர் என்றால் இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டும், ஆகவே இரண்டு ரன்னும் பிட்சரின் ஏர்ன்ட் ரன் கணக்கில், அதாவது எரரின் உதவியில்லாமல் அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் கணக்கில், சேராது. ஹிட் என்றால் இரண்டும் சேரும். மேஜர் லீக்கில் அதிகாரபூர்வ ஸ்கோரர் ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் இந்தத் தீர்ப்பை மாற்றவும் செய்யலாம்.

காகிதத்தில் ‘ஈ6’ என்று மெல்லிய கோட்டில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கலாம். தீர்ப்பு மாறினால் அந்த மட்டையாளரின் முறைக்கான ஒரு கட்டத்தை மட்டும் அழித்தால் போதும். நான் பயன்படுத்திய செயலியோ ஹிட்டா எரரா என்று சொல்லாமல் நகராது. பின்னால் போய் மாற்றினால் அதற்குப் பிறகு ஓடியவர்களையெல்லாம் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். ஏர்ன்ட் ரன்னை அது தானே திருத்திக்கொள்ளும், அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக் கணக்கை மாற்றும்போதுதான் அந்த விதி எனக்கு விளங்கியது.

விடுபட்டதைக் கண்டுபிடிக்கவும் கார்டில் வழி இருக்கிறது. மட்டை பிடிக்க வந்த முறைகளின் எண்ணிக்கை, எடுத்த ரன், பேஸில் நின்றுபோனவர்கள், அவுட் ஆனவர்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். 5 ரன், 6 பேர் பேஸில், 27 அவுட் என்றால் 38 கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். 37 என்றால் எங்கோ ஒருவரைத் தவறவிட்டிருக்கிறோம்.

கார்டு வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் பேஸ்களைக் காட்டும் சாய்சதுரம் அச்சிட்டதையே வாங்குங்கள். வெற்றுக் கட்டம் பழகிய கைக்கு இடம் தாராளம், புதியவர்களுக்கு யார் எந்த பேஸில் நிற்கிறார் என்பதே குழம்பிவிடும்.