செங்கல் சுவர் என்று சொல்லித் தெர்மோகோலை அனுப்பினார்கள்

பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான இடிபாட்டுச் சுவர் மாதிரிகளைச் சமூக வலைத்தளங்களில் பார்த்து வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்தின் பெயரை மாற்ற அவருக்கு ஒரு நிமிடம் போதும். அவருடைய வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் பயன் தரும்.

இரண்டாம் உலகப் போரில் இடிந்த ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராடின் 1942-ஆம் ஆண்டுத் தெருவொன்றை 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களுக்காக அமைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நகரில் குண்டடிபட்ட சிவப்புச் செங்கல் மாவு ஆலை ஒன்று இன்றும் செப்பனிடப்படாமல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அதன் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் எதைத் தேடினேன் என்று புரியும். விளம்பரத்தில் “ஜிப்சத்தில் கல் கல்லாக வார்த்து அடுக்கியது, 1/56 அளவு” என்று இருந்தது. வண்ணத்தை மாற்ற ஸ்ப்ரே அடிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். “தாராளமாக அடிக்கலாம்” என்று எழுத்திலேயே பதில் வந்தது. முழுப் பணமும் முன்பணமாகப் போனது.

பெட்டியைத் தூக்கியபோதே சந்தேகம் வந்துவிட்டது. அப்பளக் கட்டுகூட அதைவிடக் கனக்கும். கேட்டதற்கு, “உள்ளே தரமான ஃபோம், மேலே ஜிப்சம்” என்று கதை மாறியது.

அளவுகோலை வைத்தேன். ரஷ்யச் செங்கல் 250 மில்லிமீட்டர் நீளம், 65 உயரம். 1/56 அளவில் நாலரை மில்லிமீட்டர் நீளமும் ஒன்றுக்குச் சற்று மேல் உயரமும் வரவேண்டும். வந்த சுவரில் ஒவ்வொரு கல்லும் ஏழு மில்லிமீட்டர். அது 1/35 அளவு. பீரங்கி மாடல் செய்பவர்களுக்கு உரியது. நிஜத்தில் செங்கல்லின் நீளமும் மனிதத் தலையின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. இங்கே என் சிப்பாயின் தலையைவிடச் செங்கல் பெரிது!

உடைந்த விளிம்பு இன்னும் மோசம். செங்கல் சுவர் பெரும்பாலும் கலவை வரியில் விட்டுக்கொடுத்து, படிப்படியாகத்தான் இடியும். அங்கங்கே அரைக்கல் துருத்திக்கொண்டு நிற்கும். பல மாடிகளைத் தாங்கும் சுவர் இரண்டு கல் கனமாவது இருக்கும் என்பதால் இடிந்த இடத்தில் உள்வரிசைக் கற்களும் தெரியவேண்டும். இவரோ கத்தியால் அலை அலையாக வெட்டி, சாம்பல் வண்ணத்தைத் தடிமனாக அப்பியிருந்தார்.

அந்த வண்ணத்துக்கு அடியில் இருப்பதை ஸ்ப்ரே காட்டிக்கொடுத்தது. ஜிப்சத்தை ஸ்ப்ரே ஒன்றும் செய்யாது. ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் குழிந்தது, வெள்ளை மணிகள் வெளியே வந்தன. ஃபோமை நான் குறைசொல்லவில்லை. ஃபெவிகாலும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்து தூரிகையால் மூடிவிட்டால் அதிலும் அருமையான சுவர் செய்யலாம். அதை ஜிப்சம் விலைக்கு விற்பதுதான் திருட்டு.

முதலில் “கைவினைப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை” என்றார். பிறகு “நீங்கள் அடித்த ஸ்ப்ரே சரியில்லை” என்றார். பிறகு என்னைத் தடைசெய்துவிட்டார். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. உரையாடலின் படங்களைச் சேர்த்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், துண்டின் எடையைக் கிராமில் கேளுங்கள். பத்துக்கு எட்டு சென்டிமீட்டரில், ஒன்பது மில்லிமீட்டர் கனமுள்ள ஜிப்சம் சுவர் ஏறத்தாழ எண்பது கிராம் இருக்கும். தெர்மோகோல் பெயின்டோடு சேர்த்தும் அதன் பக்கத்தில்கூட வராது. உடைந்த விளிம்பின் அருகே அளவுகோலையும் 25 மில்லிமீட்டர் அடித்தட்டுள்ள ஒரு சிப்பாயையும் வைத்து எடுத்த புதுப் படத்தையும் கேளுங்கள். பழைய படத்தையே மறுபடி அனுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எனக்குப் புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. அதே படங்களோடு இப்போது வேறு பெயரில் ஒரு பக்கம் ஓடுகிறது. முதல் படத்தில் இடது ஓரம் வளைவு ஜன்னல், அடியில் கட்டம் போட்ட பச்சை வெட்டுப்பலகை.