மகளுக்கு வாங்கிய மணி கோத்த ஸ்கிப்பிங் கயிறு: மூன்று மாத அனுபவம்

என் மகளுக்கு எட்டு வயது. "ஓடியாடினால்தான் உடம்புக்கு நல்லது" என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டிவிட்டுச் சோபாவில் சுருண்டுகொள்வாள். இந்தக் கயிறு வந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

முதலில் வாங்கியது மெல்லிய பிளாஸ்டிக் கயிறு. எடையே இல்லாததால் பாதியில் துவண்டு காலில் சுற்றிக்கொள்ளும், அவளும் கோபத்தில் வீசிவிடுவாள். மணி கோத்த கயிறு கனமாக இருப்பதால் வளைவு கலையாமல் சுற்றி வருகிறது. தரையில் படும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அதைக் காதில் வாங்கித்தான் எப்போது குதிப்பது என்று பழகினாள். முதல் வாரம் இரண்டு, மூன்று. இப்போது தடுக்காமல் நாற்பது வரை போகிறாள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. ஒரு நாள் குதிப்பதற்கு முன் அவள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ண வைத்தேன்: 22. குதித்து முடித்த கையோடு மறுபடி எண்ணினோம்: 36. நான்காம் வாய்ப்பாட்டை அவளே போட்டு, 88, 144 என்றாள். பிறகு நெஞ்சில் கை வைத்து, "அம்மா, உள்ளே யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றாள். இதயமும் ஒரு தசைதான், வேலை கொடுத்தால் அதுவும் பலப்படும் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டாள்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குதிப்பது எலும்புக்கு நல்ல வேலை. ஆனால் 60 நிமிடத்தையும் கயிற்றிலேயே கழிக்க முடியாது. எங்களுக்குப் பத்து நிமிடம் இது, மீதி சைக்கிளும் ஓட்டப்பிடித்தலும்.

குறை இல்லாமல் இல்லை. கயிறு பெரியவர்கள் அளவுக்கு நீளமாக வந்தது. நடுவில் ஒரு காலால் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். இவளுக்குத் தலைக்கு மேலே போனது. கைப்பிடிக்குள் இருந்த முடிச்சை அவிழ்த்து, மணிகளைக் கழற்றிக் குறைத்தேன். இதைப் பற்றி உறையில் ஒரு வரிகூட இல்லை. சிமென்ட் தரையில் அடித்து இரண்டாம் மாதமே மூன்று மணிகளில் விரிசல் விட்டுவிட்டது. கழற்றி வைத்திருந்த மணிகள் அதற்கு உதவின. இப்போது மண் தரையில்தான் குதிக்கிறோம், சத்தம் கொஞ்சம் குறைவு.

நேற்று என் கையைப் பிடித்து, "நீ முதல்ல உட்காரு, எண்ணிக்கிறேன்" என்றாள். எனக்கும் ஒன்று வாங்கப் போகிறேன்.