பிங்யாவா, லிஜியாங்கா? ஒரே ஒரு பழைய சீன ஊர் பார்க்கத்தான் நேரம் என்றால்

இரண்டும் 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி. ஷான்ஸி மாகாணத்து பிங்யாவ், மதிலுக்குள் அடைந்த வணிகர் ஊர். யுன்னானின் லிஜியாங், 2,400 மீட்டர் உயரத்தில் மதிலே இல்லாத ஓடைக்கரை ஊர்.

பிங்யாவ் மதிலை இன்றைய அளவுக்குக் கட்டியது மிங் ஆட்சி, 1370-இல். சுற்றளவு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; ஆறு வாயில்கள், 72 காவல் மாடங்கள். வெளிமுகம் செங்கல், உள்ளே இடித்து இறுக்கிய மண். வினையே அந்த மண்தான். மழைநீர் இறங்கி ஊறினால் உட்பக்கம் சரியும். 2021 அக்டோபர் அடைமழையில் ஏறத்தாழ 25 மீட்டர் நீளத்துக்கு உள்சுவர் விழுந்தது.

லிஜியாங்குக்கு மதில் இல்லாததற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஊரை ஆண்டவர்கள் மு குடும்பத்தார். சீனத்தில் 'மு' என்றால் மரம். அந்த எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் 'இக்கட்டு' என்ற எழுத்தாகிவிடும். கதை அழகு, சான்றுதான் கிடையாது.

வரலாறு என்று வந்தால் என் ஓட்டு பிங்யாவுக்கே. சாயக்கடையாக இருந்து 1823 வாக்கில் உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) கடையாக மாறிய ரிஷெங்சாங் இங்கேதான். வெள்ளியைச் சுமக்காமல் ஓர் ஊரில் கட்டி இன்னோர் ஊரில் வாங்கலாம். போலி உண்டியலைத் தடுக்க மாதம், தேதி, தொகை எல்லாம் சங்கேத எழுத்தில். 12 மாதங்களுக்கு வைத்திருந்த 12 எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், 'போலிச் சீட்டில் ஏமாறாதே, கையெழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே' என்று ஒரு வாக்கியமே வரும்! ஊருக்குத் தென்மேற்கே சுமார் 6 கிலோமீட்டரில் ஷுவாங்லின் கோயில். அதன் வண்ணச் சுதைச் சிற்பங்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

லிஜியாங்கின் மு மாளிகை பழையதென்று நம்பிப் போகாதீர்கள். 1996 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பின் எழுப்பியது. இங்குள்ள நாசி (Naxi) இன மக்களின் வீடுகள் வேறு கதை. மரச்சட்டத்தை ஆணியில்லாமல் பொருத்தி, இடையில் மண்கல் அடைத்திருப்பார்கள். நிலம் ஆடியபோது அடைப்புச் சுவர் உதிர்ந்தாலும் பல வீடுகளில் சட்டம் நின்றது.

ஆனால் கண்ணுக்கு விருந்து லிஜியாங்தான். கருநாகக் குளத்து நீர் மூன்று ஓடையாகப் பிரிந்து தெருத்தெருவாக ஓடுகிறது. முக்கண் கிணற்றைத் தேடிப் பாருங்கள்: ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நீர் வழியும் மூன்று தொட்டிகள். முதலாவது குடிக்க, இரண்டாவது காய்கறி அலச, மூன்றாவது துணி துவைக்க. வடக்கே 5,596 மீட்டர் பச்சைநாகப் பனிமலை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிவாகத் தெரியும்; ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேகத்துக்குள்.

நடுத்தெருக்களில் கடையும் மதுக்கூடமுமாக இரவில் ஒரே இரைச்சல். அதே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பக்கத்து ஊர்களான ஷுஹே, பைஷா இரண்டில் ஒன்றில் தங்குவது நல்லது. முதல் நாள் மூச்சு வாங்கும், மலையேற்றத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பிங்யாவுக்கு மாகாணத் தலைநகர் தையுவானிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தெருவில் நடக்கக் கட்டணமில்லை. மதிலுக்கும் பழைய கடைகளுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும். அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு ஊருக்குமே போகாதீர்கள். தேசிய விடுமுறை, காலை வைக்க இடமிருக்காது.