46,500 ரூபாய்க்குத் தண்ணீர்ப் பை: தார்ப்பாய் கடையில் நான் ஏமாந்தது

46,500 ரூபாய். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். வியாழக்கிழமை ராத்திரி பெங்களூரில் எனக்கு ஃப்ளைட். இன்றைக்குச் செவ்வாய். படகுக்கு எடை ஏற்ற நான் செய்யச் சொன்ன மூன்று தண்ணீர்ப் பைகளும் எங்கள் கிணற்று மேட்டில் செத்த பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கின்றன. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. பண்ணைக்குட்டை ஷீட், பயோஃப்ளாக் மீன் தொட்டி, லாரி தார்ப்பாய் எல்லாம் செய்து தருகிற கடை, கிருஷ்ணகிரியில். பெயர் போட மாட்டேன். போட்டால் அவர் என்மேல் கேஸ் போடுவார் என்று மச்சான் சொல்கிறான். அந்த மாதிரி கடையில் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் பாலக்கோடு பக்கம். எட்டு வருஷமாக துபாயில் படகு வேலை. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வேக்சர்ஃபிங் விட்டுக் கூட்டி வருவது எங்கள் தொழில். படகு போகும்போது பின்னால் ஒரு அலை எழும்பும் இல்லையா, அதன்மேல் பலகை போட்டு நிற்பது. முதலில் கயிறு பிடித்து எழுந்திருப்பார்கள், அலை கிடைத்ததும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட்டு அலையின் தள்ளலிலேயே வருவார்கள். படகுக்கும் அவர்களுக்கும் நடுவில் மூன்று நாலு மீட்டர்தான் இருக்கும். அதனால்தான் படகைத் தள்ளுகிற காற்றாடி (ப்ரொப்பெல்லர்) படகுக்கு அடியில் உள்ளடங்கி இருக்கிற படகில் மட்டும் இதைச் செய்வோம். வெளியே மோட்டார் தொங்குகிற படகின் பின்னால் செய்தால் கால் போய்விடும்.

வேகம் மணிக்கு 17, 18 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் வெறும் படகு எழுப்புகிற அலை முழங்காலுக்குக்கூட வராது. படகு கனத்து, பின்பக்கம் தண்ணீரில் அமுங்க வேண்டும். அதற்குத்தான் தண்ணீர்ப் பை. பம்பு போட்டு கடல் தண்ணீரையே பைக்குள் நிரப்புவோம், வேலை முடிந்ததும் வெளியேற்றிவிடுவோம். எங்கள் படகு பழசு. அலையை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிற தகடு எல்லாம் அதில் கிடையாது. ஆள் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்துப் பின்மூலையில் எடை அதிகம் வைத்து படகையே சாய்த்தால்தான் அலை சுத்தமாக வரும். இடது காலை முன்னே வைத்து நிற்பவருக்கு இடது பக்கம், வலது காலை முன்னே வைப்பவருக்கு வலது பக்கம். பின்னால் மட்டும் ஏற்றினால் அலை உயரமாக இருக்கும், ஆனால் நீளாமல் சீக்கிரம் செத்துவிடும். முன்பக்கமும் கொஞ்சம் எடை போட்டால்தான் அலை நீளும், தள்ளலும் இருக்கும். இதில் நான் கில்லாடி என்று முதலாளியே சொல்வார். அந்தக் கில்லாடித்தனம்தான் என்னை மாட்டிவிட்டது.

பழைய பைகள் இரண்டும் போன சீசனில் ஒழுக ஆரம்பித்தன. புதுசு வாங்க முதலாளி விலை பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க ஊர்ப் பக்கம் ஷீட் வெல்டிங் பண்றவங்க நிறைய இருக்காங்க, பாதி விலைக்கு அடிச்சுக் கொண்டு வர்றேன்" என்றேன். சரி, பை வேலை செய்தால் பணம் தருகிறேன் என்றார். வேலை செய்தால். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

லீவில் வந்த மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். பேப்பரில் எல்லாம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பின்பக்கத்துக்கு 50 இஞ்ச் நீளம், 20 அகலம், 20 உயரத்தில் இரண்டு பை. முன்பக்கத்துக்கு 40, 20, 12 இஞ்சில் ஒன்று. பெரிய பை ஒன்றில் சுமார் 325 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கடல் தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. ஷீட் 900 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் ஷீட் 900 கிராம் எடை, ஓரமெல்லாம் ஹாட் ஏர் வெல்டிங் (சூடான காற்றில் ஷீட்டையே உருக்கி இணைப்பது), தையல் கூடாது, பசை கூடவே கூடாது. எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தேன்.

ஓனர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். ஐம்பது வயசு இருக்கும், விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா. "படகுக்கா தம்பி? நாங்க அம்பதாயிரம் லிட்டர் தொட்டியே பண்றோம், இது என்ன சுண்டைக்கா" என்று சிரித்தார். பையனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து ஒரு துண்டு ஷீட் எடுத்துவரச் சொன்னார். வெல்டிங் போட்ட துண்டு. அதை என் கையில் கொடுத்து, "பிரிச்சுக் காட்டு, ஆர்டரே வேண்டாம்" என்றார். நான் படகில் கயிறு இழுக்கிற ஆள், கையில் பலம் இல்லாமல் இல்லை. பல்லைக் கடித்து இழுத்தும் இம்மிகூட அசையவில்லை. அந்த நிமிஷம் விழுந்தேன். அதற்குள் டீ வந்தது. எந்த ஊர் என்றார், பாலக்கோடு பக்கம் என்றேன். "அட, நம்ம சம்பந்தி ஊரு." அவ்வளவுதான், அண்ணா தம்பி ஆகிவிட்டோம்.

மொத்தம் 46,500. முன்பணம் 30,000 அங்கேயே ஜிபேயில் போட்டேன். பில் கேட்டேன். "பில் போட்டா வரி சேரும் தம்பி, வெளிநாட்டுல கஷ்டப்படற பையன், உனக்கு எதுக்கு" என்று எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்எம் இல்லை, அளவு இல்லை, வெல்டிங் இல்லை. "த.பை 3" என்று மட்டும் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த பேப்பர்? அவரிடமே இருந்துவிட்டது. போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. என்னைத் திட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில் திட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே திட்டிவிட்டார்கள்.

ஐந்து நாள் என்றார், பதினாலு நாள் ஆனது. மாங்காய் சீசன், கூழ் கம்பெனிக்காரர்கள் தார்ப்பாய் அவசரம் என்கிறார்கள் என்றார். நியாயம்தானே என்று நானும் பொறுத்தேன். போன சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்துக்கு வரச் சொன்னார். மூன்று பையையும் சாக்கில் போட்டு வாய் தைத்து வைத்திருந்தார். பிரித்துப் பார்க்கலாமா என்றேன். "மடிப்பு கலைஞ்சா ஃப்ளைட்டுக்குத் திருப்பி மடிக்க முடியாது தம்பி, அப்படியே கொண்டுபோ" என்றார். என் லக்கேஜ் கவலையை அவர் என்னைவிட அதிகமாகப் பட்டார். மீதி 16,500 போட்டுவிட்டு பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாதான், "தண்ணி ஊத்திப் பாத்துட்டு எடுத்துட்டுப் போடா, தக்காளிக் கூடையே அடி பாத்துத்தான் வாங்கறோம்" என்றாள். சாக்கைப் பிரித்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. கடையில் தொட்ட ஷீட் மாட்டுத்தோல் மாதிரி இருந்தது. இது பந்தல் ஷீட் மாதிரி நொளுநொளுவென்று இருக்கிறது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. மோந்து பார்த்தேன், பசை.

மோட்டார் போடவில்லை. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் வரும். இருபது லிட்டர் கேனில் மொண்டு மொண்டு ஊற்றினேன், மச்சான் எண்ணினான். 50, 20, 20 இஞ்ச் பை என்றால் பதினாறு கேன் போக வேண்டும். பத்தாவது கேன் பாதியிலேயே வாயில் வழிந்தது. 190 லிட்டர்! டேப் வைத்து அளந்தால் 44 நீளம், 17 அகலம், 16 உயரம். எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கடித்திருக்கிறார்கள். பக்கத்துக்குக் கொஞ்சம் கடித்தால் கொள்ளளவில் பாதிக்குக் கிட்டத்தட்டப் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்.

மூடியைப் போட்டுவிட்டு, படகு ஆடுகிற மாதிரி இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக ஆட்டினோம். நாலாவது ஆட்டத்தில் கீழ் ஓரத்தில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். ஒரு சாண் அளவுக்குப் பசை வாயைப் பிளந்தது. தண்ணீர் மொத்தமும் என் காலில். இரண்டாவது பை ஊற்றும்போதே வால்வு வைத்த இடத்தில் ஒழுகியது. சின்னது மட்டும் நின்றது, அதுவும் மறுநாள் காலையில் பாதியாகிவிட்டது.

பண்ணைக்குட்டை ஷீட்டுக்குப் பின்னால் மண் இருக்கிறது, மீன் தொட்டியைச் சுற்றி கம்பி வலை நிற்கிறது. பாரத்தை அவை தாங்குகின்றன. படகில் வைக்கிற பைக்கு ஓரம்தான் எல்லாம். அலையில் படகு தூக்கிப் போடும்போதெல்லாம் அத்தனை எடையும் அந்த ஓரத்தில் வந்து இடிக்கும். கிணற்று மேட்டில் பிய்ந்ததால் என் கால் நனைந்தது, அவ்வளவுதான். கடலில், ஆட்கள் நிற்கும்போது, சாய்த்து வைத்த படகுக்குள் முன்னூறு கிலோ தண்ணீர் அவிழ்ந்து ஓடினால்? பை அரைகுறையாக நிரம்பியிருந்தாலே உள்ளே தண்ணீர் சளசளவென்று ஓடி படகைக் கவிழ்க்கப் பார்க்கும், முழுசாக நிரப்பு இல்லாவிட்டால் காலியாக வை என்பதுதான் எங்கள் முதல் பாடம். குழந்தைகள் ஏறுகிற படகு அது.

சந்தேகம் தீர, ஓரத்தில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் ஒரு துண்டு வெட்டி, தெரிந்த நகைக்கடையில் தராசில் போட்டேன். 900 ஜிஎஸ்எம் என்றால் அந்தத் துண்டு 9 கிராம் இருக்க வேண்டும். 4.6 கிராம். கடைக்காரத் தாத்தா சிரித்துவிட்டு, "இதுல பாதி செம்பு தம்பி" என்றார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனால் ஓனர் இல்லை. திருப்பதி போயிருக்கிறாராம். போன் போட்டேன், எடுத்தார், பின்னால் தறி மாதிரி மிஷின் சத்தம் கேட்கிறது. திருப்பதியில் என்ன மிஷின்? "சார், டிரைவிங்ல இருக்கேன்." கவனியுங்கள், தம்பி போய் சார் வந்துவிட்டது. பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் உறவு முறிந்துவிடும் போல.

மத்தியானம் திரும்பக் கூப்பிட்டேன். மோட்டார் தண்ணி விட்டிருப்பீங்க சார், அந்த ஃபோர்ஸுக்கு எது தாங்கும் என்றார். கேனில் ஊற்றியது வீடியோவில் இருக்கிறது, வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து, நாங்க சொன்னது ஷீட் அளவு, பை அளவு இல்ல, ஒட்டறதுக்கு ஓரம் விட வேண்டாமா என்று பதில். அப்போது ஒட்டியதை ஒப்புக்கொள்கிறீர்களா, வெல்டிங் எங்கே என்று கேட்டேன். வெல்டிங் மிஷின் ரிப்பேர், அர்ஜென்ட் பண்ணது நீங்கதானே என்றார். பதினாலு நாள் காத்திருந்தவன் அர்ஜென்ட் பண்ணினேனாம்!

இன்றைக்குக் காலையில் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே இருந்தார், அதே டீ டம்ளர். எங்களுக்கு டீ இல்லை. அந்த ஷீட்டை உங்களுக்காகவே வெட்டிட்டோம், திருப்பி எடுத்து நான் என்ன பண்றது, வேணும்னா பசை தடவித் தர்றேன், வெச்சுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும் என்றார். எனக்கு ஃப்ளைட் வியாழக்கிழமை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதிக் கொடுத்த பேப்பரைக் கேட்டேன். எந்தப் பேப்பர் சார்? பில் இருந்தா கொண்டாங்க, பேசலாம்.

பில் இருந்தால்! வேண்டாம் என்று சொன்ன அதே வாய். மச்சான் கை ஓங்கப் போனான், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

46,500 ரூபாய் என் கைக்காசு. முதலாளியிடம் ஒரு திர்ஹம் கேட்க முடியாது. போய் நின்றதும் "பை எங்கே" என்பார்.

உருப்படியாக நாலு விஷயம் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மணி பதினொன்று ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் காட்டுகிற துண்டில் ஒரு மூலையை அங்கேயே வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொருள் வந்ததும் இரண்டையும் தராசில் போடுங்கள். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டின் கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். எழுதிக் கொடுப்பதை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பி 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்குங்கள். வரியோடு பில். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள், கடை சாத்துகிற நேரத்துக்குப் போகவே போகாதீர்கள். படகுக்குப் பை செய்வதாக இருந்தால் தயவுசெய்து படகுப் பை செய்கிறவர்களிடமே வாங்குங்கள், என்னை மாதிரி பாதி விலைக் கணக்குப் போடாதீர்கள். பழைய படகில் எந்த மூலைக்கு எத்தனை கிலோ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், அதையும் எழுத நினைத்தேன், முடியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் கோர்ட்டில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது என்றார்கள், ஆனால் நான் இங்கே இருக்க மாட்டேனே. ஜிபே ரசீது இரண்டு, வீடியோ, அந்த எஸ்டிமேட் சீட்டு எல்லாவற்றையும் மச்சான் பெயரில் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு மூன்று பையையும், சின்னதை மட்டும் தண்ணீரோடு, கொண்டுபோய் அந்தக் கடை வாசலில் இறக்கப் போகிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் டாடா ஏஸ் தருகிறேன் என்றிருக்கிறார். ஒழுகாமல் அதுவரை நின்றால்.