மடக்கும் டிரைமரனா, சிறிய கேட்டமரனா: கரையோரப் பாய்மரப் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

பகலில் பாய் விரித்துக் கரையை ஒட்டிச் செல்வது, இருட்டும் முன் ஒரு கழிமுகத்திலோ குடாவிலோ நங்கூரமிடுவது, இப்படி ஒரு வாரம் பத்து நாள் சுற்றி வருவது என்ற அளவில் பயணம் செய்ய விரும்புபவர் ஒற்றை உடல் படகு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், அவர் முன் இரண்டு வகைகள் நிற்கின்றன. ஒன்று, நடு உடலின் இருபுறமும் உள்ள பக்க மிதவைகளை மடக்கி டிரெய்லரில் ஏற்றக்கூடிய, 8 மீட்டர் அளவிலான டிரைமரன். மற்றொன்று, 6 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள, இரட்டை உடல் கொண்ட சிறிய கேட்டமரன். இரண்டையும் நெடுநாள் எடைபோட்டுப் பார்த்த பிறகு நான் கார்செயர் நிறுவனத்தின் பழைய எஃப்-27 டிரைமரன் ஒன்றை வாங்கினேன். எனவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் அதை வாங்கியதற்குப் பலரும் முதலில் சொல்லும் வேகம் காரணமல்ல.

இரு வகைக்கும் பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். இரண்டும் அதிகம் சாயாமல் ஓடும். இரண்டுக்கும் அடியில் கனமான ஈயமோ இரும்போ இல்லை. இரண்டும் ஆழமற்ற நீரில் நுழையும், நீர் வடிந்தால் மணலில் நிமிர்ந்து அமரும். கவிழ்ந்தால் இரண்டும் தாமாக நிமிரா. ஆகவே பாயைச் சுருக்கும்போது சராசரிக் காற்றைக் கணக்கில் கொள்ளாமல், இடையிடையே வீசும் பலத்த வீச்சைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொருந்தும். டிரைமரனில் காற்றடங்கிய பக்கத்து மிதவையின் முனை நீரில் அழுந்தத் தொடங்குவது கண்ணுக்கு நேராகத் தெரியும் எச்சரிக்கை. கேட்டமரனில் அத்தகைய அறிகுறி தாமதமாகவே கிடைக்கும் என்பது என் கருத்து.

தங்கும் வசதியில் கேட்டமரனே வெல்கிறது. இதில் வாதத்துக்கு இடமில்லை. பாட் பேட்டர்சன் வடிவமைத்த ஹெவன்லி ட்வின்ஸ் 8 மீட்டர் நீளம்கூட இல்லாத படகு. இருந்தும் பின்புறம் இரண்டு தனித்தனி அறைகளும், தவிர ஒரு கூடமும் அதில் உண்டு. டோனி ஸ்மித்தின் ஜெமினி 105எம்சி சற்றே பெரியது, சுமார் 10.2 மீட்டர். அதில் ஒரு குடும்பம் நெருக்கடி இல்லாமல் வாரக்கணக்கில் வாழலாம். எஃப்-27-இன் நடு உடலோ, நீர்மட்டத்தில் ஒடுக்கமாக இருந்தால்தான் படகு ஓடும் என்பதால், உள்ளே இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் மூன்றாமவர் கடந்து போக அவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். பின்புறத்துச் சிற்றறை, மழை பெய்யும் இரவில் ஒருவர் மற்றவரிடமிருந்து ஒதுங்கி உறங்க உதவும், அவ்வளவே.

சுமையையும் இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும். எஃப்-27-இன் வெற்று எடை சுமார் 1,200 கிலோ. நான்கு பேர் ஏறினால் 300 கிலோ. 100 லிட்டர் நீருக்கு 100 கிலோ. அதன்மேல் நங்கூரம், சங்கிலி, எரிபொருள், மின்கலம், உணவு, துணிமணி என்று சேர்த்தால் படகின் எடையில் பாதியை எளிதில் நெருங்கிவிடுவோம். அந்த நிலையில் மிதவைகள் தேவைக்கு மேல் அமிழ்ந்து, படகு தன் இயல்பையே இழந்துவிடுகிறது. மூன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஜெமினிக்கு இதே சுமை பெரிய பொருட்டல்ல. இருவர் செல்வதானால் டிரைமரன், நால்வர் செல்வதானால் கேட்டமரன் என்று ஒருவர் இந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

ஓட்டத்தில் நிலைமை தலைகீழாகிறது. காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து முன்னேறும்போது, டிரைமரனின் நடு உடலில் இறக்கப்படும் ஆழமான அடிப்பலகை படகைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. திருப்பம் எடுக்கும்போது படகு நடு உடலை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. நிலையான குட்டை அடிக்கட்டைகள் கொண்ட சிறிய கேட்டமரன்களில் திருப்பம் பாதியிலேயே நின்றுவிடுவதுண்டு. அப்போது முன்பாயைச் சற்று நேரம் எதிர்ப்பக்கமே பிடித்து வைத்து முனையைத் தள்ள வேண்டும். இரு உடல்களையும் இணைக்கும் தளம் தாழ்வாக இருந்தால், குறுகிய எதிரலைகள் அதன் அடியில் வந்து அறைகின்றன. அந்த ஓசையும் அதிர்வும் நாள் முழுதும் தொடர்ந்தால் களைப்பு தட்டும். ஜெமினிக்கு ஏற்றி இறக்கும் அடிப்பலகைகள் இருப்பதால் எதிர்க்காற்றில் அது மேலானது. ஆனால் அதில் நான் விருந்தினனாக மட்டுமே சென்றிருக்கிறேன், அதுவும் மிதமான காற்றில். ஆகவே இதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது வேறொன்று: படகு ஓடாத நாட்களில் எங்கே இருக்கும், அங்கே அதை யார் எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வி. சிறிய படகு வைத்திருப்பவர் எவரும் ஆண்டின் பெரும்பகுதியில் அதில் பயணம் செய்வதில்லை. படகு கிடக்கிறது, கிடக்கும்போதே செலவையும் பழுதையும் சேர்த்துக்கொள்கிறது. எஃப்-27 விரிந்த நிலையில் சுமார் 5.8 மீட்டர் அகலம். ஹெவன்லி ட்வின்ஸும் ஜெமினியும் 4.2 மீட்டரை ஒட்டியவை. ஒற்றை உடல் படகுக்கென அளந்து கட்டப்பட்ட மெரினா (படகுகளை வாடகைக்கு நிறுத்தும் துறை) இடத்தில் ஜெமினி நுழைய வேண்டும் என்பதற்காகவே அதன் அகலம் அந்த அளவோடு நிறுத்தப்பட்டது. அப்படியும் பல மெரினாக்கள் இத்தகைய படகுகளுக்குக் கூடுதல் வாடகை கேட்கின்றன. ஓரத்து இடம் காலியாகும்வரை காத்திருக்கச் சொல்வதும் உண்டு. படகைக் கரையேற்றும் தூக்கியின் கால்களுக்கு இடையே அகலம் போதாவிட்டால், அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூச்சு அடிப்பதற்கே வேறு துறை தேட நேர்கிறது.

மடக்கும் டிரைமரன் இந்தச் சங்கடத்தை அடியோடு நீக்குகிறது. நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபாரியர் 1970-களில் உருவாக்கிய மடக்கு முறையே 1985-இல் வெளிவந்த எஃப்-27-இலும் உள்ளது. மிதவைகளை நடு உடலோடு இணைக்கும் நான்கு குறுக்குக் கைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்ட். அதைக் கழற்றிக் கையை அசைத்தால், கை செங்குத்தாக எழுந்து நிற்கிறது, மிதவை புரண்டு நடு உடலை ஒட்டி வந்து படிகிறது. நீரில் மிதக்கும்போதே இதைச் செய்யலாம். அகலம் 2.6 மீட்டருக்குள் சுருங்குகிறது. டிரெய்லரில் ஏறியதும் படகு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வருவதன் பலன் வாடகை மிச்சத்தோடு நிற்பதில்லை. கடலிலேயே கிடக்கும் உடலில் பாசியும், சிப்பி போல் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் ஏறும். அவற்றைத் தடுக்கும் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டு உடல் என்றால் வேலையும் இரட்டிப்பு. பயணம் முடிந்ததும் நன்னீரில் கழுவி உலரவிடும் படகுக்கு அந்தப் பூச்சே தேவைப்படுவதில்லை. தளத்தில் பொருத்திய ஒரு பாகத்துக்கு அடியில் நீர் கசிகிறது என்று சந்தேகம் வந்தால், மாலையில் அரைமணி நேரம் கிடைத்தாலே போதும், அதைக் கழற்றிப் பார்த்து, உலர்ந்த பின் மீண்டும் அடைக்கலாம். துறையில் கிடக்கும் படகில் இதே வேலை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் நீர் கண்ணாடியிழைக்கு அடியிலுள்ள உள்ளடுக்கில் இறங்கிவிடுகிறது. சிறிய பழுது சிறியதாக இருக்கும்போதே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான், என் கணக்கில், இந்தப் படகின் மிகப் பெரிய வசதி.

இதற்கு விலையும் உண்டு. மடக்கிய நிலையில் நீரிலேயே விட்டால் மிதவைகள் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பதால், பூச்சு இல்லாத வெளிப்பக்கம் நீரில் ஊறும்; சில வாரங்களிலேயே அங்கே பச்சை படர்ந்து, பின் கொட்டலசு பிடிக்கும். எனவே மடக்கி மெரினாவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இதை வாங்குபவர் ஏமாற்றமடைவார். டிரெய்லரும் ஒரு தனிப் பொறுப்பு. உப்புநீரில் முங்கும் சக்கரத்தின் மையத்தைத் திறந்து பார்க்கும்போது, கிரீஸ் பழுப்பாக வழுவழுப்போடு இல்லாமல் பால் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பேரிங்கை அன்றே மாற்றாவிட்டால் வழியில் சக்கரம் இறுகிவிடக்கூடும். பாய்மரத்தை நிமிர்த்தி, கம்பிகளை இறுக்கி, மிதவைகளை விரித்து நீரில் இறங்க, பழகிய இருவருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பிற்பகல் மட்டும் சுற்றிவர நினைப்பவருக்கு அது சலிப்பாகவே இருக்கும்.

டென்மார்க்கின் குவார்னிங் நிறுவனம் கட்டும் டிராகன்ஃபிளை படகுகளில் மிதவைகள் கீழே புரளாமல், கிடைமட்டமாகப் பின்னோக்கி ஒதுங்குகின்றன. மிதவை நிமிர்ந்தே நிற்பதால் வெளிப்பக்கத்தில் பாசி படரும் தொல்லை இல்லை. மெரினாவிலேயே வைத்திருப்பவருக்கு இதுவே சிறந்த முறை. ஆனால் மடக்கியதும் படகின் மொத்த நீளம் கூடுகிறது. குறுக்குக் கைகளைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நீர்மட்டக் கம்பிகளைத் தவறாமல் சோதித்து மாற்ற வேண்டும். ஃபாரியர் முறையில் அந்தக் கம்பிகளே இல்லை. டிராகன்ஃபிளையை நான் சிறிது நேரமே ஓட்டியிருக்கிறேன். கட்டுமானத்தின் நேர்த்தி மனத்தைக் கவர்ந்தது, விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

கேட்டமரன் பக்கத்தில் என் மனம் உண்மையாகவே ஊசலாடியது ஜேம்ஸ் வாரம் என்பவர் வடிவமைத்த டிக்கி 21-ஐப் பார்த்தபோதுதான். சுமார் 6.4 மீட்டர் நீளமுள்ள, ஒட்டுப்பலகையும் எபாக்ஸிப் பிசினும் கொண்டு வீட்டிலேயே கட்டக்கூடிய படகு அது. குறுக்குச் சட்டங்கள் உடல்களோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். தேய்ந்த கயிற்றை மாற்ற எந்தப் பட்டறையும் தேவையில்லை. இதே வடிவப் படகில் ரோரி மெக்டூகல் 1990-களில் உலகையே சுற்றி வந்திருக்கிறார். இதையும் பிரித்து டிரெய்லரில் ஏற்றலாம். ஆனால் உடல்களை அவிழ்த்து மீண்டும் கட்டுவது போல்ட் கழற்றும் வேலையைவிடப் பல மடங்கு நேரம் பிடிப்பது. உறங்கும் இடமும் ஒவ்வோர் உடலுக்குள்ளும் ஒருவர் நுழைந்து படுக்கும் அளவே. கையில் பணம் குறைவாகவும் நேரம் நிறையவும் உள்ளவர், எஃப்-27-ஐத் தேடி அலைவதற்கு முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குழந்தைகளோடு செல்பவர், ஆண்டு முழுதும் ஒரே நீர்ப்பரப்பில் இருப்பவர், துறையில் நியாயமான வாடகையில் அகலமான இடம் ஏற்கெனவே கிடைத்தவர் ஆகியோர் கேட்டமரனையே வாங்கலாம். மற்றவர்கள் பழைய எஃப்-27-ஐப் பார்க்கப் போகும்போது, பாய்களையும் மெத்தைகளையும் கடைசியில் பார்க்கட்டும். முதலில் ஒரு பக்கத்தை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். குறுக்குக் கைகளைத் தாங்கும் மடக்குத் தண்டுகள் உடலோடு சேரும் இடங்களைச் சுற்றி மெல்லிய நட்சத்திர விரிசல் உண்டா, குறுக்குக் கை வந்து அமரும் பள்ளத்தில் தேய்வு உண்டா, நான்கு போல்ட்களும் கையால் சுற்றினாலே தொடக்க மரைகளில் ஏறுகின்றனவா என்று சோதியுங்கள். விரித்துப் பூட்டிய பின் ஒருவர் மிதவையின் முனையில் நின்று குதிக்கும்போது, கையின் இணைப்பில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே அசைவு தெரிந்தால், அது சரிசெய்யக்கூடிய தேய்வா, உள்ளடுக்குச் சேதமா என்று கண்ணாடியிழை வேலை தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.